கோவில்பட்டி கரிசலில் வீட்டுத் தோட்டம்: புல்தரையில் தண்ணீர் நிற்கிறது, இட்லிப்பூ மஞ்சளாகிறது. எதை முதலில் சரிசெய்வது?

கரிசல்வீடு:
எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் 6 சென்ட் மனையில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். சுற்றிலும் நல்ல கரிசல். தோட்டம் போட்டுக் கொடுத்தவர் முன்பக்கம் கரிசலை மட்டம் பார்த்துச் சமன்படுத்தி, மேலே அரையடி செம்மண் பரப்பி, கொரியன் புல் பதித்தார். வீட்டுச் சுவரை ஒட்டியே இட்லிப்பூ வரிசை. ஐப்பசி மழைக்குப் பிறகு புல்தரை சொதசொதவென்று கிடக்கிறது, பேஸ்மெண்ட் ஓரம் சுவரில் ஈரம் ஏறுகிறது. இட்லிப்பூவில் கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா வைத்தும் மாறவில்லை. பாய்ச்சுவது போர் தண்ணீர்.

கிழக்குக் காம்பவுண்டு சுவரில் சாய்வாக ஒரு விரிசல் வேறு. சித்திரையில் விரல்நுனி நுழையும் அளவு இருந்தது, இப்போது கிட்டத்தட்ட மூடிவிட்டது. அதன் பக்கத்தில் நாங்கள் மனை வாங்குவதற்கு முன்பிருந்தே நிற்கும் பெரிய வேம்பு. வெட்டிவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

பச்சைக்கொடி:
களிமண்ணுக்கு ஜிப்சம் போட்டால் பொலபொலவென்று ஆகிவிடும். மூட்டை வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கொத்துவேலை:
ஜிப்சம் இருக்கட்டும், முதலில் தண்ணீரைப் பாருங்கள் அண்ணாச்சி. நீங்கள் சொன்ன அத்தனைக்கும் தண்ணீரில் பங்கு இருக்கிறது.

கரிசல் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் திறந்து மழையில் மூடும் விரிசல் அதனால்தான். மட்டமான கரிசல்மேல் செம்மண் போட்டால் மழைநீர் செம்மண்ணுக்குள் சட்டென்று இறங்கும், கரிசலைத் தொட்டதும் நின்றுவிடும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் தண்ணீர் கிடக்கும். அது அஸ்திவாரத்தை ஒட்டியே கிடப்பதால்தான் சுவரில் ஈரம்.

செம்மண்ணை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் கரிசலுக்கே வாட்டம் கொடுங்கள். சுவரிலிருந்து முதல் 10 அடிக்கு 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். வாட்டம் முடியும் இடத்தில் ஒரு சிறு வாய்க்கால், அது தெரு வடிகாலுக்குப் போகட்டும். வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, கான்கிரீட் நடைபாதை போடுங்கள். சுவரோடு சேரும் இடுக்கைத் தார்ப்பசை வைத்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அந்த வழியாகவே இறங்கும். அந்த 3 அடிக்குள் செடியோ சொட்டுநீர்க் குழாயோ வேண்டாம். இட்லிப்பூ வரிசை கட்டாயம் இடம் மாற வேண்டும்.

மொட்டைமாடித் தண்ணீர் எங்கே விழுகிறது?

கரிசல்வீடு:
மழைநீர் சேகரிப்புக் குழி சமையலறைச் சுவரிலிருந்து 4 அடியில் இருக்கிறது. அதில் தண்ணீர் வற்றவே மாட்டேன் என்கிறது.

கொத்துவேலை:
அதுதான் ஈரத்துக்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கரிசலில் தண்ணீர் சட்டென்று இறங்காது. குழியை மனையின் கடைசி மூலைக்கு மாற்றி, கரிசலைத் தாண்டிச் சரள் (கல் கலந்த மண்) வரும் ஆழம் வரை துளைபோட்டு ஜல்லி நிரப்புங்கள். கையில் காசு இருந்தால் அதற்கு முன்னால் ஒரு தொட்டி வைத்து, மாடித் தண்ணீரை அதில் பிடியுங்கள். செடிக்கு ஆகும்.

நாற்றுப்பண்ணை:
இட்லிப்பூவைப் பற்றி நான் சொல்கிறேன். தழைச்சத்துக் குறைவு என்றால் அடியிலை முதலில் மஞ்சளாகும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். யூரியா இதற்குக் கேட்காது. கரிசலை ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். குழாய் வாயில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

கரிசல்வீடு:
பிழிந்தேன் அக்கா, நுரைத்துக்கொண்டு வருகிறது. குழாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது.

நாற்றுப்பண்ணை:
அப்படியென்றால் மண்ணிலும் சுண்ணாம்பு, தண்ணீரிலும் சுண்ணாம்பு. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம்.

இப்போதைக்கு இலைவழி கொடுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம் கரைத்து, பிறகு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம் கரைத்து, சாயங்காலம் தெளியுங்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். முதலில் ஒரு செடியில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். 10, 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். சுவரிலும் டைல்ஸிலும் படவிடாதீர்கள், துருக்கறை போகவே போகாது.

ஆனால் காலமெல்லாம் இப்படித் தெளித்துக்கொண்டிருக்க முடியாது. இருக்கும் இட்லிப்பூவைப் பெரிய தொட்டிக்கு மாற்றி மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். தரையில் கரிசல் ஏற்கும் செடிகளை வையுங்கள்: காகிதப்பூ, ஆவாரை. அரளியும் நன்றாக வரும், ஆனால் விஷம். குழந்தைகளோ ஆடுமாடோ இருக்கும் வீட்டில் நான் அதைச் சொல்லமாட்டேன். கொரியன் புல்லை விட்டுவிடுங்கள். அருகம்புல் இந்த மண்ணில் தானாகவே வரும்.

ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு. மண் பரிசோதனையில் சோடியம் கூடுதல் என்று வந்தால் மட்டும் போடுங்கள். மண்ணையும் போர் தண்ணீரையும் சேர்த்தே கொடுத்துப் பாருங்கள்.

பச்சைக்கொடி:
நல்லது அக்கா. எங்கள் ஊரில் களர் மண், அதனால் அப்படிச் சொன்னேன்.

கரிசல்வீடு:
வேம்பு விஷயம்?

கொத்துவேலை:
வெட்டாதீர்கள். இத்தனை வருஷமாக அந்த மரம் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. திடீரென்று எடுத்தால் கரிசல் அந்த ஈரத்தைத் திரும்பக் குடித்து உப்பி, சுவரை மேலே தூக்கும். கோடை தொடங்குமுன் கவாத்து செய்து தழையைக் குறைத்தால் மரம் உறிஞ்சும் தண்ணீரும் குறையும். அடியில் சருகு மூடாக்குப் போட்டால் மண் ஒரேயடியாகக் காயாது. விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழையில் மூடாமல் ஆண்டுக்கு ஆண்டு அகன்றாலோ, ஒருபக்கச் சுவர் முன்னே தள்ளினாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள். புதிதாக மரம் வைப்பதென்றால் வீட்டிலிருந்து 20 அடிக்குள் வேண்டாம்.

கரிசல்வீடு:
மிக்க நன்றி. இந்த ஈரத்திலேயே வாட்டம் எடுக்கலாமா?

கொத்துவேலை:
கூடாது. ஈரக் கரிசலை மிதித்தால் கல்லாக இறுகிவிடும். தையில் மண் பொருபொருவென்று உதிரும்போது மண்வேலையைத் தொடங்குங்கள். மாடித் தண்ணீர்க் குழாயை மட்டும் இப்போதே குழியிலிருந்து திருப்பிவிடுங்கள், அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டாம்.