ப்ளீச் இல்லாமல் கருங்கூந்தலைச் செம்பு நிறமாக்க முடியுமா?

கேள்வி (மாரத்தஹள்ளி வாசகி):

பெங்களூருத் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். என் தலைமுடி இடுப்புக்குச் சற்று மேல்வரை நீண்ட, நல்ல கறுப்பு முடி. வெயிலில் நின்றால் மட்டும் லேசாகப் பழுப்பு தெரியும். சலூன்களில் ஜிஞ்சர் என்றும் காப்பர் என்றும் சொல்கிறார்களே, ஆரஞ்சு கலந்த அந்தச் செம்பு நிறத்துக்கு அதை மாற்ற விரும்புகிறேன். விசாரித்த இடங்களில் எல்லாம் முதலில் ப்ளீச் செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள். சென்ற ஆண்டு ஸ்மூத்னிங் (முடியை நேராக்கும் ரசாயனச் சிகிச்சை) செய்ததில் நுனிப் பகுதி ஏற்கெனவே வறண்டு கிடப்பதால், அதன்மேல் ப்ளீச் போட எனக்குத் துணிவில்லை. ப்ளீச் இல்லாமல் இந்த நிறம் எந்த அளவுக்கு வரும்? மருதாணி மட்டும் போதுமா? 40 வால்யூம் டெவலப்பர் (சாயத்துடன் கலக்கும் பெராக்சைடு திரவம்) வாங்கிவிட்டால் ப்ளீச்சே தேவையில்லை என்று தோழி ஒருத்தி சொல்வது சரியா? எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான் என்பதையும் கருத்தில் கொண்டு பதில் தர வேண்டுகிறேன்.

பதில் 1 (அல்சூரில் பார்லர் நடத்துபவர்):

சகோதரி, நீங்கள் கேட்பது பொன்னிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்திருந்தால், ப்ளீச் இல்லாமல் முடியாது என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். செம்பு நிறம் அப்படியல்ல. கறுப்பு முடியின் நிறத்தைச் சற்றே குறைத்தால் உள்ளிருந்து முதலில் வெளிப்படுவது சிவப்பு, பிறகு செம்மஞ்சள், அதற்கும் பிறகுதான் மஞ்சள். மற்றவர்கள் நீலப் பூச்சும் நீல ஷாம்பூவும் போட்டு அடக்கப் பார்க்கும் அந்தச் செம்மஞ்சள்தான் உங்களுக்கு வேண்டியது. ஆகவே பாதி வேலையை உங்கள் முடியே செய்து கொடுத்துவிடும்.

முடி நிறத்தின் அடர்த்தியை நாங்கள் 1 முதல் 10 வரை எண்ணிட்டுக் கணக்கிடுவோம். 1 என்பது கருங்கறுப்பு, 10 என்பது மிக வெளிர்ந்த பொன்னிறம். நம்மவர்களின் முடி பெரும்பாலும் 1 முதல் 3 வரை நிற்கும். நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்படும் செம்பு நிறமோ 7 அல்லது 8. நிரந்தரச் சாயத்துடன் 20 வால்யூம், அதாவது 6 சதவீத டெவலப்பர் சேர்த்தால் ஒன்று அல்லது இரண்டு படி ஏறும். 30 வால்யூம், அதாவது 9 சதவீதம் சேர்த்தால் இரண்டு அல்லது மூன்று படி ஏறும். ஆகவே பெட்டியில் 7 என்று அச்சிட்டிருந்தாலும் உங்கள் தலையில் அது 5 அளவில்தான் வந்து நிற்கும்: வீட்டுக்குள் செம்பழுப்பாகவும் வெயிலில் தெளிவான செம்பாகவும் தெரியும் நிறம். இது உங்களுக்குப் போதுமென்றால் ப்ளீச் தேவையில்லை. கேரட் நிறம்தான் வேண்டுமென்றால், சலூன்காரர்கள் சொன்னது உண்மைதான். (ப்ளீச் என்று சொன்னால் பில்லும் ஏறும் என்பது வேறு விஷயம்.)

சாய எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வரும் 4, பல நிறுவனங்களில் செம்பைக் குறிக்கும், 6.4, 7.4, 7.44 போன்றவற்றைப் பாருங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால், கடையில் நிற அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. அவ்வளவு நீளமான முடிக்கு ஒரு ட்யூப் நிச்சயமாகப் போதாது. நடுவில் சாயம் தீர்ந்தால் திட்டுத் திட்டாகிவிடும். பூசும்போது வேரிலிருந்து தொடங்காதீர்கள். தலையின் சூட்டில் வேர்ப்பகுதி விரைவாக வெளிறி, உச்சி மட்டும் பளீரென்று தனித்துத் தெரியும். நடுப்பகுதியில் முதலில் பூசிவிட்டு, வேரைப் பிறகு பூசுங்கள். ஸ்மூத்னிங் செய்த வறண்ட நுனி நிறத்தை வேகமாக உறிஞ்சும். அதற்கு 20 வால்யூமே போதும், அதையும் கடைசியில் பூசுங்கள்.

பதில் 2 (வேதியியல் ஆசிரியர், கே.ஆர்.புரம்):

மேலே எழுதியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தோழி சொன்ன 40 வால்யூம் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ப்ளீச் போடாத சாயம் முடியின் நிறமியைத் தொடுவதே இல்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் நிரந்தரச் சாயத்தில் உள்ள அம்மோனியா முடியின் மேலடுக்குச் செதில்களை விரித்து வழிவிட, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே சென்று மெலனின் என்ற அந்த நிறமியைச் சிதைக்கிறது. அதே நேரத்தில் சாய மூலக்கூறுகள் அங்கேயே ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகி, வெளியேற முடியாமல் தங்குகின்றன. ப்ளீச் தூளில் பெராக்சைடுடன் பெர்சல்பேட் உப்புகளும் சேர்வதால் அதன் வேகம் பன்மடங்கு கூடுகிறது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது அளவு வேறுபாடுதான். 40 வால்யூம் என்பது 12 சதவீதப் பெராக்சைடு. அது தலைத்தோலை எரிக்கக்கூடியது. ஒரு படி கூடுதலாகக் கிடைப்பதற்காக, ஏற்கெனவே நலிந்த முடியில் அதை வீட்டில் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மோனியா இல்லை என்று விளம்பரம் செய்யப்படும் சாயங்களிலும் அதற்குப் பதிலாக வேறொரு காரப்பொருள் இருக்கும். வாடை குறைவு என்பதற்காக முடிக்குத் தீங்கே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து வெயிலில் உட்காரும் யோசனையை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். நம் கறுப்பு முடியில் அதனால் பயன் இராது. தோலில் பட்ட சாற்றின்மேல் வெயில் பட்டால் கொப்பளிக்கவும் கூடும்.

பதில் 3 (மல்லேஸ்வரம் பாட்டி):

மருதாணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அம்மா. பல ஆண்டுகளாக அரைத்துப் பூசி வருபவள் என்ற முறையில் சொல்கிறேன். மருதாணி முடியின்மேல் நிறத்தை ஏற்றுமே தவிர, இருக்கும் கறுப்பைக் குறைக்காது. என் நரையில் அது பளீரென்ற செம்மஞ்சளாகப் பிடிக்கும். என் பேத்தியின் கறுப்பு முடியில் வெயில் பட்டால்தான் சிவப்பு மினுமினுப்புத் தெரியும். பீட்ரூட் சாறும் தேயிலை டிக்காக்‌ஷனும் சேர்த்தால் நிறம் மாறிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் சாயம் போட்டு முடி சற்று வெளிறிய பிறகு, சில வாரங்கள் கழித்துச் சுத்தமான மருதாணியைப் பூசினால், மங்கத் தொடங்கிய செம்பு மீண்டும் துலங்கும். பூசிய அன்று ஆரஞ்சாகத் தெரிவது இரண்டு மூன்று நாட்களில் ஆழ்ந்துவிடும். அதனால் அன்றைக்கே கண்ணாடியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அடிக்கடி முழு நீளத்துக்கும் பூசாதீர்கள், படிந்து படிந்து செம்பு கருஞ்சிவப்பாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. 5 அளவிலான செம்பழுப்பே எனக்குப் போதும். 40 வால்யூமை விட்டுவிட்டேன். பாட்டி மருதாணி என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் கடையில் வாங்கிய "கருப்பு மெஹந்தி" பாக்கெட் ஒன்றைப் பூசியிருக்கிறேன். அதனால் ஏதேனும் சிக்கல் வருமா?

பதில் 4 (வேதியியல் ஆசிரியர், கே.ஆர்.புரம்):

வரலாம், கேட்டது நல்லதாயிற்று. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் செந்நிறத்தை மட்டுமே தரும். அந்தப் பாக்கெட் கறுப்பாகப் பிடித்தது என்றால், அதில் அவுரி இருக்கலாம், பி.பி.டி. என்ற செயற்கைச் சாயம் இருக்கலாம், சிலவற்றில் உலோக உப்புகளும் இருக்கலாம். உலோக உப்பு படிந்த முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி அறுந்து போகக்கூடும். ஆகவே சீப்பில் உதிரும் முடிகளைச் சேர்த்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூம் டெவலப்பருடன் சில துளி அம்மோனியாக் கரைசல் கலந்து, அதில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். குமிழி, சூடு, கெட்ட வாடை, திடீர் நிறமாற்றம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் சாயத் திட்டத்தை அந்த முடி வளர்ந்து வெட்டப்படும் வரை ஒத்திப்போடுங்கள். அந்தச் சோதனையில் தேறினாலும், கறுப்புச் சாயம் ஏறிய பகுதியைப் புதிய சாயம் வெளிறச் செய்யாது. சாயத்தால் சாயத்தை நீக்க முடியாது. வேர்ப்பகுதி செம்பாகவும் கீழ்ப்பகுதி கறுப்பாகவும் நிற்கக்கூடும் என்பதால், கழுத்துப் பக்கம் மறைவான ஒரு கற்றையில் முதலில் போட்டுப் பாருங்கள். காதுக்குப் பின்னால் சாயத்தைத் தொட்டு வைத்து 48 மணி நேரம் அரிப்போ தடிப்போ வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்; பி.பி.டி. ஒவ்வாமை முன்பு இல்லாதவர்களுக்கும் பின்னாளில் வரக்கூடும்.

பதில் 5 (அல்சூரில் பார்லர் நடத்துபவர்):

தண்ணீரைப் பற்றிய கேள்வி விடுபட்டுப் போயிற்று. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்திருந்தால் சாயம் சீராகப் பிடிக்காது. சாயம் போடுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன், ஈ.டி.டி.ஏ. கலந்த, இந்தப் படிவுகளைப் பிடித்து நீக்கும் கிலேட்டிங் ஷாம்பூவால் ஒருமுறை அலசிவிடுங்கள். சிவப்பும் செம்பும் மற்ற நிறங்களைவிட விரைவாக மங்குபவை. சல்பேட் இல்லாத ஷாம்பூவைப் பயன்படுத்துங்கள், வெந்நீரைத் தவிருங்கள், கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு சொம்பு ஒதுக்கி வையுங்கள். வேர் வளர்ந்ததும் மறுபடி சாயத்தை வேருக்கு மட்டும் போடுங்கள். நீளத்துக்குச் செம்பு நிறக் கண்டிஷனரோ பாட்டி சொன்ன மருதாணியோ போதும்.