சிறுவயதுத் துயரங்களுக்கு மதிப்பெண் 4 என்று வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நான் சிறுமியாக இருந்தபோது, இரவு பத்து மணிக்கு மேல் வாசற்கதவின் கொண்டி விலகும் சத்தம் கேட்டால், அம்மா அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பாயோடு சேர்த்து உள்ளறைக்கு இழுத்துச் செல்வார். அப்பா குடித்துவிட்டு வரும் நாள்களில் அம்மாவுக்கு அடி விழும்; தடுக்கப் போனால் எனக்கும் விழும். வாயால் சொல்ல முடியாத வசைகளும் விழும். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் இரவில் பக்கத்து வீட்டுக் கொண்டி ஒலித்தால் என் வயிறு இறுகிக்கொள்கிறது. அதன்பின் விடியும்வரை தூக்கம் வருவதில்லை.

அண்மையில், சிறுவயதில் பட்ட துயரங்களைக் கணக்கிடும் ‘ஏஸ்’ எனப்படும் பத்துக் கேள்விப் படிவத்தை இணையத்தில் நிரப்பினேன். மதிப்பெண் 4 என்று வந்தது. நான்கும் அதற்கு மேலும் பெற்றவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் பன்மடங்கு அதிகம் என்று கீழே எழுதியிருந்தது. அப்படியானால் என் விதி அன்றே எழுதப்பட்டுவிட்டதா? இதை என் மகளுக்கும் கொடுத்துவிடுவேனோ என்பதே என் பெரிய பயம்.

செம்மண்காடு:

சகோதரி, மனநலச் சமூகப்பணியில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வயிறு இறுகுவது உண்மை. அதற்கான காரணமும் உண்மை. ஆனால் அந்த மதிப்பெண் நீங்கள் அஞ்சும் செய்தியைச் சொல்லவில்லை.

இந்தப் படிவத்துக்கு அடிப்படையான ஆய்வின் தொடக்கம் அமெரிக்காவின் சான் டியேகோவில் இருந்த ஓர் உடல்பருமன் சிகிச்சைப் பிரிவு. நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கண்ட மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி காரணம் கேட்கப் போக, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் என்று தெரிய வந்தது. பின்னர் அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் திரட்டினார்கள். 1998-இல் வெளிவந்த முதல் கட்டுரையில், முந்தைய ஓராண்டில் இரண்டு வாரமாவது தொடர்ந்து மனம் சோர்ந்திருந்ததாகச் சொன்னவர்கள், எந்தத் துயரமும் குறிக்காதவர்களில் நூற்றுக்கு 14 பேர். நான்கு அல்லது அதற்கு மேல் குறித்தவர்களில் ஏறத்தாழ 51 பேர். இந்த வேறுபாடு பெரியது, அதை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் மீதி 49 பேரும் உங்களைப் போலவே நான்கோ அதற்கு மேலோ குறித்தவர்கள்தாம் என்பதையும் பாருங்கள்.

மேலும், ஒருமுறை விழுந்த அடியும் பத்தாண்டு விழுந்த அடியும் அந்தப் படிவத்தில் ஒரே புள்ளிதான். எந்த வயதில் நடந்தது, யார் அணைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. உங்களைப் பாயோடு இழுத்துச் சென்ற அம்மாவை அந்தப் படிவம் கணக்கில் கொள்ளவில்லை. தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் சகாக்களுடன் எழுதினார்.

கொண்டிச் சத்தத்துக்கு வருவோம். ஆபத்து அடிக்கடி நேரும் வீட்டில் வளரும் பிள்ளையின் உடல், அடி விழுவதற்கு முன்பே விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. அன்று உங்களைக் காத்த பழக்கம் அது. இன்று தூக்கத்தைக் கெடுக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு. அதிர்ச்சி அனுபவங்களுக்கான உளவியல் சிகிச்சையில் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். மனம் மிகவும் கனக்கும் இரவில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆலமரத்தடி:

மேலே சொன்னதோடு ருமேனியாவின் அனுபவத்தையும் சேர்க்கிறேன். அங்கே காப்பகங்களில் பேசவும் தூக்கவும் ஆளின்றி வளர்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு தலைநகர் புகாரெஸ்டில் ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நான்கரை வயதில் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு போன்ற பாதிப்புகள் காப்பகப் பிரிவில் 44 விழுக்காடும், குடும்பங்களுக்குச் சென்ற பிரிவில் 22 விழுக்காடுமாக இருந்தன. எல்லாமே சரியாகிவிடவில்லை, கவனக்குறைவுக் கோளாறில் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. ஆயினும் அத்தனை கடுமையான தொடக்கத்துக்குப் பிறகும் அணைத்துக்கொள்ள ஒரு மடி கிடைத்தது பாதியளவு வேறுபாட்டை உண்டாக்கியது. உங்கள் மகளுக்கு அந்த மடி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. நீங்கள் அஞ்சுவதை நினைக்கும்போது இதையும் நினையுங்கள்.

பனையோலை:

குடிகாரத் தந்தையின் மகன் நான். என்னைக் காப்பாற்றியது எதிர்வீட்டு அத்தை. சத்தம் தொடங்கியதும் திண்ணை விளக்கைப் போட்டுவிட்டு, “தம்பி, சாப்பிட வா” என்று எதுவும் தெரியாதவர்போல் கூப்பிடுவார். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த உளவியலாளர் எம்மி வெர்னர், மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக ஆளானதைக் கண்டார். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவரின் துணை. அதைப் படித்த அன்று நான் ஊருக்குச் சென்று அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனாலும் முப்பது வயதில் எனக்கு மருந்தும் ஆலோசனையும் தேவைப்பட்டன. அத்தையின் அன்பு இருந்ததால் அவை வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. தயங்காமல் போங்கள், அக்கா.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு மீண்டும் அந்தச் சத்தம் கேட்டது. வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்காமல் கணவரை எழுப்பி, அது எனக்கு எதை நினைவூட்டுகிறது என்று முதன்முறையாகச் சொன்னேன். அவர் எழுந்து விளக்கைப் போட்டார். வரும் வியாழக்கிழமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் செல்கிறோம்.