எம்.பி.ஏ. முதலாமாண்டு அறிமுக நாளில் எதை வைப்பது, எதை விடுவது?

கெடிலக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்கு அருகே உள்ள ஒரு கல்லூரியின் மேலாண்மைத் துறையில் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். எம்.பி.ஏ. முதலாமாண்டு மாணவர்களுக்கான அறிமுக நாளை நடத்தும் பொறுப்பு இந்த ஆண்டு எனக்கு வந்திருக்கிறது. பழைய நிரல்களை எடுத்துப் பார்த்தால், குத்துவிளக்கு, வரவேற்புரை, தாளாளரின் தலைமையுரை, முதல்வரின் வாழ்த்துரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவருடைய நீண்ட தன்னம்பிக்கை உரை, நன்றியுரை என்று மதிய உணவு வரை ஓடிவிடுகிறது. பிற்பகலில் ஒவ்வொரு மாணவரும் மேடையேறி ஆங்கிலத்தில் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு சீனியர்கள் நடத்தும் விளையாட்டுகள். இந்தப் படிப்பில் என்ன கற்கப் போகிறோம் என்ற பேச்சே இடையில் எங்கும் வருவதில்லை.

சேருகிறவர்களில் பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்களும், பொறியியல் முடித்தவர்களும், தமிழ் வழியில் கலைப் பாடங்கள் படித்தவர்களும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். பண்ருட்டி, விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து பேருந்தில் வருகிறவர்கள் அதிகம். பெற்றோரும் உடன் வருவார்கள். எனக்குக் கிடைப்பது ஒரே நாள். இத்தகைய நாளை நடத்திய அனுபவமுள்ளவர்களும், அண்மையில் அதில் உட்கார்ந்திருந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

உப்பளம்வாசி:

புதுச்சேரியில் நெடுங்காலம் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மேலாண்மையைப் பற்றிய உரையைக் குறைத்துவிட்டு, முற்பகலிலேயே ஒரு கேஸ் ஸ்டடியை, அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலை விவரித்து முடிவை மாணவர்களிடமே விடும் குறிப்பை, அவர்கள் கையில் கொடுங்கள். 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த முறையில்தான் பெயர் பெற்றது. அதன் துணையோடு 1961-இல் உருவான அகமதாபாத் ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அமெரிக்க நிறுவனத்தின் கதையை முதல் நாளில் கொடுத்தால், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நான்கு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் பக்கத்திலேயே நல்ல பொருள் இருக்கிறது. நெல்லிக்குப்பம் வட்டாரத்துக்குச் சர்க்கரை ஆலை என்பது 1840-களிலிருந்து பழகிய தொழில். ஏதாவது ஓர் ஆலையைப் பெயர் சொல்லாமல் கற்பனையாக வைத்துக்கொண்டு, அதன் மேலாளர் முன்னால் உள்ள சிக்கலை மட்டும் எழுதுங்கள். கரும்புக்கான குறைந்தபட்ச விலையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் விவசாயிக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அரவையோ ஆண்டில் சில மாதங்கள்தான் நடக்கிறது, உற்பத்தியான சர்க்கரையோ ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக விற்கிறது. ஒரு மாதத்தில் எவ்வளவு விற்கலாம் என்பதையும் 2018 முதல் மத்திய அரசே அளவிட்டுச் சொல்கிறது. அப்படியானால் 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டிய பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியை எட்டு எட்டுப் பேராகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். பி.காம். படித்தவர் நடைமுறை மூலதனம் (அன்றாடச் செலவுக்கான பணம்), வங்கிக் கடன் என்று தொடங்குவார். பொறியியல் படித்தவர் கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம், சர்க்கரை எடுத்த பின் எஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து எத்தனால் என்று வேறு வருவாயைத் தேடுவார். இதுவரை வாய் திறக்காத ஒரு விவசாயி வீட்டுப் பெண், கரும்பை வெட்டச் சொல்லி ஆலை தரும் கட்டிங் ஆர்டர் தாமதமானால் என்ன ஆகும், வெட்டிய கரும்பு காய்ந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் எப்படிக் குறையும் என்று சொல்லத் தொடங்கும்போது, மற்ற ஏழு பேரும் எழுதிக்கொள்வார்கள். நிதி, உற்பத்தி, கொள்முதல், சட்டம் என்று இரண்டு ஆண்டுகளில் தனித்தனித் தாள்களாக வரப்போகிறவை அனைத்தும் ஒரே மேசையில் கிடப்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். சரியான விடை என்று ஒன்று அதற்கு இல்லை. பேச்சு தமிழில் நடக்கட்டும், கடைசியில் ஒவ்வொரு குழுவும் ஐந்து வரிகள் மட்டும் ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும்.

மஞ்சக்குப்பம்:

என் மகன் சென்ற ஆண்டு இப்படிப்பட்ட ஒரு நாளுக்குப் போனபோது நானும் உடன் சென்றிருந்தேன். பேராசிரியர்களுக்குக் குத்துவிளக்கும் வாழ்த்துரையும் அலுப்பாக இருக்கலாம். எங்களைப் போன்று கல்லூரி வாசலையே மிதிக்காத பெற்றோருக்கு, முதல்வர் எழுந்து நின்று வரவேற்பதும், பிள்ளை யாரிடம் படிக்கப் போகிறான் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் சிறிய விஷயங்கள் அல்ல. எனவே சடங்கை அடியோடு நீக்கிவிடாதீர்கள், சுருக்குங்கள். சிறப்பு விருந்தினர் உரையை நீக்கினால் யாரும் வருந்தப் போவதில்லை. கட்டணத் தவணைகள், கல்விக் கடனுக்கு வங்கி கேட்கும் சான்றிதழ்களைத் தரும் அலுவலர் யார், விடுதியில் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது ஆகிய விவரங்களை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் பெற்றோர் அதை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். முதல் நாளே கோட்டு, டை கட்டாயம் என்று அறிவிக்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். கட்டணம் கட்டிய கையோடு அதற்கும் கடன் வாங்கிய வீடுகளை அறிவேன்.

காலாப்பட்டு மாணவி:

பேராசிரியருக்கு வணக்கம். நான் இரண்டாமாண்டு படிக்கிறேன். பிற்பகல் நிகழ்ச்சிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேடையில் தனியாக நின்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்யச் சொல்வது, பேசத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று முதல் நாளிலேயே வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அந்தப் பிரிவு ஒரு பருவம் முழுவதும் நீடிப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் பத்து நிமிடம் பேசி, அவரை நீங்கள் அறிமுகம் செய்யுங்கள், எந்த மொழியிலும் செய்யலாம் என்று சொன்னால் அச்சம் பெருமளவு குறையும்.

சீனியர்களின் விளையாட்டுகளை ஆசிரியர் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பாடு, ஆடு, அந்த நடிகரைப் போல் நடந்து காட்டு என்பதெல்லாம் செய்யச் சொல்கிறவருக்கு வேடிக்கை, நிற்கிறவருக்கு அவமானம். ஒரு மாணவர் இயல்பாகச் செய்யாத, அவருக்குக் கூச்சமோ தலைகுனிவோ உண்டாக்கும் செயலைச் செய்யச் சொல்வதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2009 விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தருகிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தவர்கள் மிகக் குறைவு. அறிமுக நாளில் அதை ஒருமுறை தமிழில் வாசித்து, 1800-180-5522 என்ற உதவி எண்ணைப் பலகையில் எழுதிவிடலாம்.

கெடிலக்கரை:

இந்தக் கடைசிக் கருத்தை எங்கள் மாவட்டத்தில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகே தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்று அச்சட்டம் கூறுகிறது. இப்போது சேருகிற மாணவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. விளையாட்டுகளின் பட்டியலைச் சீனியர்களிடம் இன்றே கேட்டிருக்கிறேன்.

சிப்காட் பணியாளர்:

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இரண்டாம் பருவம் முடிந்ததும் பயிற்சிக்கு இடம் கேட்டு வரும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு, பயிற்சியில் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த மாதத்தில்தான் தெரிகிறது. "ஏதாவது ஒரு புராஜெக்ட் கொடுங்கள், சார்" என்பார்கள். சந்தைப்படுத்தலா, நிதியா, மனிதவளமா என்ற தெரிவு எப்போது வரும், பயிற்சிக் கடிதத்துக்கு எப்போது அலைய வேண்டும் என்ற இரண்டாண்டு நாட்காட்டியை முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாமல் போகக்கூடும் என்பதையும் அதே தாளில் சேருங்கள். விருந்தினர் கட்டாயம் வேண்டுமென்று நிர்வாகம் சொன்னால், பெரிய பதவியில் உள்ளவரை விட்டுவிட்டு, உங்கள் கல்லூரியில் படித்து இரண்டு மூன்று ஆண்டுகளாக இந்தப் பக்கம் வேலை பார்க்கும் ஒருவரை அழையுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு என்று மாணவர்கள் அவரிடம்தான் துணிந்து கேட்பார்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. முதல்வரிடம் பேசினேன். தொடக்க நிகழ்ச்சி பெற்றோருடன் முக்கால் மணி நேரம், அதன் பிறகு அவர்களுக்கு மட்டும் அலுவலகத்தாருடன் தனிச் சந்திப்பு, அதே நேரத்தில் மாணவர்களுக்குக் கரும்பு கேஸ் என்று ஏற்பாடு. தாளாளர் உரை இருக்கும். அதை என்னால் அசைக்க முடியவில்லை. விருத்தாசலம் பேருந்துக்காரர்களை எண்ணி மாலை நான்கு மணிக்கே முடித்துவிடுகிறோம். உப்பளம்வாசி ஐயாவிடம் ஒரு கேள்வி: கேஸை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமா?

உப்பளம்வாசி:

வேண்டாம். அனுப்பினால் ஆளுக்கொரு விடையை இணையத்தில் தேடி எடுத்து வருவார்கள். ஒரே பக்கத்தில் அச்சிட்டு, மேசையில் அமர்ந்த பிறகு கொடுங்கள். வாசிக்கக் கால் மணி நேரம் அமைதியாக விடுங்கள். கணக்குப் போட எளிதாக, கரும்பு அளவையும் விலையையும் முழு எண்களில் வையுங்கள். தாளாளர் உரை நீளமானால் விளையாட்டு நேரத்தைக் குறையுங்கள், கேஸ் நேரத்தைத் தொடாதீர்கள்.