சுயசான்று வீட்டு அனுமதி திரும்பி வந்துவிட்டது, அவசரம்

புதுமனை:
வணக்கம். தரைத்தளம் மட்டும், 1,200 சதுர அடி வீடு. பேரூராட்சி அனுமதிக்கு ஆன்லைனில் சுயசான்று முறையில் (விவரம் எல்லாம் சரி என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் முறை) போட்டோம். தகுதி இல்லை என்று வந்துவிட்டது. பேப்பர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆவணிக்குள் கடைக்கால் எடுக்க வேண்டும், கொத்தனாருக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மனை எவ்வளவு? பட்டா யார் பெயரில்? டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகரித்த மனையா, பஞ்சாயத்து அப்ரூவலா? இதெல்லாம் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது சார்.

கிழக்குத்தெரு:
கூட்டுப் பட்டாவாக இருக்கும், பாருங்கள். பத்திரம் பதிந்த கையோடு உட்பிரிவுக்கு, அதாவது நம் பங்கைத் தனியாகப் பிரிக்க, மனு கொடுக்காமல் விட்டால் பழைய ஆட்களின் பெயரும் பட்டாவில் அப்படியே நிற்கும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதே கதைதான். முதலில் சர்வேயரைப் பாருங்கள்.

மணல்கேணி:
பட்டாவை விடுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட பழைய மனைப்பிரிவாக இருந்தால் எந்த முறையில் போட்டாலும் நிற்காது. 20.10.2016-க்கு முன்பே பதிவான மனை என்றால் 2017 வரன்முறை விதிகளின்படி (அங்கீகாரம் இல்லாத மனையை முறைப்படுத்தும் விதிகள்) வரன்முறை செய்த ஆணை கையில் இருக்க வேண்டும். அது இருக்கிறதா?

செல்வி_திருவாரூர்:
ஸ்கேன் செய்த ஃபைல் பெரிதாக இருந்தாலும் சிக்கல் வரும். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்களா?

புதுமனை:
தனிப்பட்டா, மனைவி பெயரில். டிடிசிபி எண் இருக்கிறது. மூலை மனை, ஆறு சென்ட். ஃபைல் எல்லாம் ஏறிவிட்டது.

ஓவர்சீயர்_ஓய்வு:
இந்த ஆறு சென்ட்டை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான்கு பேர் மண்டையை உடைத்திருக்க வேண்டியதில்லை. உதவி கேட்பவர்கள் மனையளவு, பட்டா, அப்ரூவல் எண் மூன்றையும் எழுதுங்கள் என்று இங்கே சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. தம்பி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆறால் பெருக்குங்கள், 2,613.6. ஜூலை 2024-ல் வந்த சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனைக்குத்தான். அதில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கட்டலாம். உங்கள் வீடு சிறியது, மனைதான் பெரியது. பட்டாவும் டிடிசிபியும் காரணமே இல்லை.

நாலுமுழம்:
இதற்கா இவ்வளவு? 2,450 என்று போட்டு விடுங்கள் பாஸ். சுயசான்றுதானே, யார் வந்து அளக்கப் போகிறார்கள்?

வைகைக்கரை:
தயவுசெய்து இப்படிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சுயசான்று என்றால் அதிகாரி பார்க்காமல் கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை, பொறுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுகிறது என்று அர்த்தம். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டால் பேங்க் இன்ஜினியர் டேப்போடு வந்து நிற்பார். பட்டாவில் ஒன்று, அனுமதியில் ஒன்று இருந்தால் கடனும் போச்சு, அனுமதியும் போச்சு. அதுவும் இது மனைவி பெயரில் உள்ள மனை.

நாலுமுழம்:
எங்கள் ஏரியாவில் அப்படித்தான் போடுகிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கிழக்குத்தெரு:
ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் மூன்று குழிதான் ஒரு சென்ட். குழி 144 சதுர அடி. ஆறு சென்ட் 18 குழி, 2,592தானே வருகிறது? ஓவர்சீயர் ஐயா கணக்கு எங்கிருந்து வந்தது?

ஓவர்சீயர்_ஓய்வு:
மூன்று குழி என்பது வயல்காட்டுப் பேச்சுக் கணக்கு. ஏக்கர் 43,560 சதுர அடி, நூறால் வகுத்தால் சென்ட். பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்ததுதான்.

கிழக்குத்தெரு:
வயல்காட்டுக் கணக்கு என்று தள்ளாதீர்கள் ஐயா. தஞ்சாவூர்ப் பக்கம் பழைய பத்திரம் எத்தனையோ குழியிலும் மாவிலும்தான் இருக்கிறது. நூறு குழி ஒரு மா என்று எழுதியிருந்தால் அதைத்தானே பார்க்க முடியும்?

செல்வி_திருவாரூர்:
கிழக்குத்தெரு அண்ணன் சொல்வது சரி. அப்பாவின் பத்திரத்தில் குழிதான்.

வைகைக்கரை:
இரண்டு கணக்கிலும் 2,500-ஐத் தாண்டுகிறது, இதில் சண்டை எதற்கு? பட்டாவில் சென்ட்டும் இருக்காது, குழியும் இருக்காது, ஹெக்டேர் ஏர்ஸில்தான் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி. 2,500 சதுர அடி என்றால் ஏறக்குறைய 232 சதுர மீட்டர். புதுமனை, உங்கள் பட்டாவில் எவ்வளவு போட்டிருக்கிறது? புலப்படத்தில் (சர்வே வரைபடம்) நான்கு பக்க அளவும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா? மூலை மனையில் முனையை வெட்டி ரோட்டுக்கு விட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

மணல்கேணி:
2,500-க்கு மேல் என்றால் வழியே இல்லை என்று பயப்பட வேண்டாம். நீங்கள் ஆன்லைனில் போட்ட அதே ஒற்றைச்சாளரத் தளத்தில் சாதாரண முறையில் போடுங்கள். பதிவு பெற்ற இன்ஜினியர் வரைபடம் வேண்டும், அதில் மழைநீர்த் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பேரூராட்சியில் சரிபார்த்துத்தான் தருவார்கள், அதனால் நாள் பிடிக்கும். அனுமதி கைக்கு வரும்வரை மண்ணைத் தொடாதீர்கள். ஆவணி போனால் ஐப்பசி இருக்கிறது.

புதுமனை:
பட்டாவில் 2.43 ஏர்ஸ், அதாவது 243 சதுர மீட்டர், 232-ஐத் தாண்டுகிறது. அளந்தும் பார்த்தாயிற்று, பத்திரத்தோடு சரியாக இருக்கிறது. இன்ஜினியர் சாதாரண முறையில் போடுகிறார். வைகைக்கரை, ஓவர்சீயர் ஐயா, மணல்கேணி, நன்றி.

கூரைமேடு:
இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஐந்தே முக்கால் சென்ட். ஐயா சொன்ன கணக்கில் 2,504.7 வருகிறது. ஐந்து சதுர அடிக்காகத் தள்ளிவிடுவார்களா?

ஓவர்சீயர்_ஓய்வு:
பட்டாவில் எத்தனை ஏர்ஸ்? அதை எழுதிவிட்டுக் கேளுங்கள்.