உமிச்சாம்பல் சுண்ணாம்புச் சாந்து இறுகவில்லை, எங்கே தப்பு?

தாட்டோன் தம்பி:
வணக்கம். சிமெண்ட் விலை கட்டுப்படியாகவில்லை என்று கோயில் மடப்பள்ளிச் சுவருக்கு உமிச்சாம்பலும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து பூசினேன். எடையில் சுண்ணாம்பு 1 பங்கு, சாம்பல் 2, மணல் 9. மூன்று வாரமாகியும் விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. பூசாரி என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்.

பெகு மேஸ்திரி:
கொஞ்சம் சிமெண்ட் சேர்த்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

தாட்டோன் தம்பி:
அது தெரியும் அண்ணே. பணம்தான் இல்லை.

மோல்மேன் பெரியவர்:
சாம்பல் எங்கே எடுத்தது தம்பி, என்ன நிறம்? அரைத்தீர்களா? பூசிய பிறகு சுவரை ஈரமாக வைத்தீர்களா?

தாட்டோன் தம்பி:
அரிசி ஆலை பாய்லர் சாம்பல் ஐயா. கறுப்பை ஒதுக்கிவிட்டு, லேசாக ரோஸ் ஓடிய வெள்ளையாகப் பொறுக்கினேன். சலித்தேன், அரைக்கவில்லை. இரண்டு நாள் தண்ணீர் தெளித்தேன். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) சமயம், ஊரே தண்ணீர் இறைத்தது, என் சுவர்தான் காய்ந்தது.

மோல்மேன் பெரியவர்:
அந்த ரோஸ்தான் கவிழ்த்துவிட்டது, அது சூடு அதிகமானதற்கு அடையாளம். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. 700 டிகிரிக்குள் நிதானமாக வெந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். சூடு எகிறினால் படிகமாகிவிடும், அப்புறம் அது வெறும் மணல் மாதிரிதான். கரிக்கட்டையாக இருக்கக் கூடாது, ஆனால் அழுக்குச் சாம்பல் நிறம் இருந்தால் பயப்பட வேண்டாம். டிரம்மில் இரும்புக் குண்டு போட்டு உருட்டி, மாவாக அரையுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சுண்ணாம்பில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு. இன்னொன்று, இந்தச் சாந்து காய்ந்து இறுகுவது இல்லை, ஈரத்தில் இறுகுவது. ஈரச்சாக்கு இரண்டு வாரமாவது தொங்க வேண்டும்.

தாட்டோன் தம்பி (பத்து நாள் கழித்து):
சுண்ணாம்பு நுரைக்கவில்லை. சாந்தை இரண்டு வடையாகத் தட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்து, எட்டாம் நாள் தண்ணீரில் போட்டேன். ஆலைச் சாம்பல் வடை கரைந்தே போனது. கம்பிவலைக் கூடையில் நானே எரித்து அரைத்தது உருக்குலையவில்லை; நகத்தால் கீறினால் லேசான கோடுதான். பழைய பூச்சு மேலேயே பூசலாமா ஐயா?

மோல்மேன் பெரியவர்:
வேண்டாம். செங்கல் தெரியும்வரை சுரண்டி, நன்றாக நனைத்துவிட்டுப் பூசுங்கள். முதல் வாரம் நேர்மழை படாமல் ஓலை கட்டுங்கள். மழைக்காலம் வந்துவிட்டால் சாக்கு நனைக்கிற வேலையும் பாதி மிச்சம்.