பார்பிக்யூவில் சூடு ஏறவில்லை, நாளை விருந்து, அவசர உதவி வேண்டும்

செவ்வந்தி, வெள்ளி மாலை 6.12
எல்லோருக்கும் வணக்கம். நாளை மதியம் மகளின் பிறந்தநாள். 25 பேர் வருகிறார்கள். கோழி ஊறிக்கொண்டிருக்கிறது. எதற்கும் இன்றைக்கே ஒருமுறை பற்றவைத்துப் பார்ப்போம் என்று பார்த்தால் பார்பிக்யூ 250ஐத் தாண்டவே இல்லை. அரை மணி நேரம் மூடி வைத்தும் அதே நிலைதான். போன மாதம் நன்றாக வேலை செய்தது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பெண்டில்ஹில், 6.19
தங்கச்சி, 250 தாராளமாகப் போதுமே. நாங்கள் இங்கே சிட்னியில் கோழிக்காலை 200க்கு மேல் விடுவதில்லை. 250 என்றால் தோல் கருகிவிடும், எலும்போரம் பச்சையாகவே நிற்கும். உங்கள் பார்பிக்யூவில் ஒரு பிழையும் இல்லை. நிம்மதியாக விருந்தை நடத்துங்கள்.

விறகடுப்பு, 6.24
கரியா, கேஸா? கரி என்றால் அடியில் உள்ள காற்றுத் துளைகளைச் சாம்பல் அடைத்திருக்கும். தட்டிவிட்டுப் புதுக் கரி போடுங்கள்.

கந்தர்மடத்தான், 6.31
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எந்த நாடு, கேஸா கரியா, எத்தனை பர்னர், 250 எந்த அளவில், சுடரின் நிறம் என்ன, சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம், கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள். இவை தெரியாமல் யாரும் உதவ முடியாது. ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வி இங்கே வருகிறது, ஒவ்வொரு முறையும் நான் இதையே எழுதுகிறேன். முதலில் பழைய இழைகளை வாசியுங்கள்.

செவ்வந்தி, 6.40
மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். கேஸ்தான். கனடா, ஸ்கார்பரோ. 3 பர்னர். 250 ஃபாரன்ஹீட். சிலிண்டரைப் போன வாரம்தான் மாற்றினோம்.

பெண்டில்ஹில், 6.43
ஃபாரன்ஹீட்டா! அப்படியானால் 120 செல்சியஸ்தான் வருகிறது. நான் மேலே சொன்னதை விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் கோழி வேக நெடுநேரம் எடுக்கும். கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

அஜாக்ஸ்காரன், 6.50
சிலந்தி. நூற்றுக்குத் தொண்ணூறு சிலந்திதான். பர்னர் குழாய் வால்வோடு சேரும் இடத்தில், காற்றும் கேஸும் கலக்கிற வாயில் சின்னச் சிலந்திகள் கூடு கட்டும். கேஸில் கலந்திருக்கும் வாசனைப் பொருள் அவற்றை இழுக்கிறது என்பார்கள். என் பார்பிக்யூவில் இரண்டு தடவை நடந்திருக்கிறது. ஒருமுறை கேஸ் பின்னோக்கி வந்து, பர்னரைத் திருப்பும் குமிழுக்குக் கீழேயே தீப்பிடித்தது, நல்ல காலம் பக்கத்தில் பிள்ளைகள் இல்லை. பர்னரைக் கழற்றி, குழாய் துடைக்கும் மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டு எடுங்கள். கூட்டைக் கையாலேயே எடுக்கலாம், வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும்.

கந்தர்மடத்தான், 6.58
சிலந்தி என்றால் பெரும்பாலும் ஒரு பர்னர்தான் கெடும், சுடரும் மஞ்சளாக ஆடும். மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து கெடுவது அபூர்வம். செவ்வந்தி இன்னும் சுடரின் நிறத்தைச் சொல்லவில்லை. அது தெரியாமல் பர்னரைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

மார்க்கம்_அக்கா, 7.05
அடியில் அலுமினியத் தாள் விரித்திருக்கிறீர்களா? எண்ணெய் ஒழுகாமல் இருக்கட்டும் என்று பலரும் விரிக்கிறார்கள். காற்று வரும் வழியும் எண்ணெய் வடியும் வழியும் அதனால் அடைபடும். தேங்கிய எண்ணெயில் தீப்பிடித்து நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

செவ்வந்தி, 7.11
தாள் விரிக்கவில்லை. சுடர் நீலம்தான், ஆனால் மிகச் சின்னது. மூன்று பர்னரிலும் அப்படியே. குமிழை முழுதாகத் திருப்பினாலும் விரல் நகம் அளவுதான். சிலிண்டர் கனமாகத்தான் இருக்கிறது. இன்னொரு கேள்வி: நாளைக்கு மழை என்கிறார்கள். மழை வந்தால் கராஜுக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டுச் சுடலாமா?

மார்க்கம்_அக்கா, 7.13
வேண்டாம், வேண்டவே வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு வழியாக நேரே உள்ளே வரும். பின்வளவிலேயே வைத்து நீங்கள் குடை பிடியுங்கள், அல்லது கோழியை ஓவனில் வையுங்கள். பிள்ளைகள் நிறைந்த வீடு அம்மா.

பெண்டில்ஹில், 7.16
அக்கா சொன்னதே சரி. இன்னொன்றும் இருக்கிறது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். கராஜிலும் நிலவறைப் படிக்கட்டிலும் அது நின்றுவிடும். மாற்றுச் சிலிண்டரைக்கூட வீட்டுக்குள் வைக்கக் கூடாது.

பழைய_மெக்கானிக், 7.34
தங்கச்சி, நீலச் சுடர், மூன்று பர்னரிலும் ஒரே மாதிரிச் சின்னது, சிலிண்டர் நிறையக் கேஸ். இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சிலிண்டரோடு இணைக்கும் இடத்தைத்தான். கையால் திருகும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் நட்டுக்குள் ஒரு பாதுகாப்புத் தடுப்பு உண்டு. கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால், எங்கேயோ ரப்பர் குழாய் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அது வழியைச் சுருக்கிவிடும். பிறகு கொஞ்சமாகத்தான் கேஸ் வரும். பொருள் கெட்டுப்போகவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறது.

பற்றவைக்கும்போது குமிழ் திறந்திருக்கையில் சிலிண்டர் வால்வைத் திறந்தீர்களா? அல்லது வால்வை ஒரே மூச்சில் முழுதாகத் திருப்பினீர்களா? இரண்டில் எது நடந்தாலும் இப்படி ஆகும்.

எப்படியிருந்தாலும் இதைச் செய்யுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். மூடியைத் திறந்து வைத்து, எல்லாக் குமிழையும் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள், குழாயில் மிச்சமுள்ள கேஸ் போகட்டும். அந்த நேரம் பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிறகு எல்லாக் குமிழையும் மூடுங்கள். நட்டைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு, கையால் இறுகத் திருகுங்கள். ஸ்பானர் வேண்டாம். அப்புறம் வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாக, மெல்லத் திறக்க வேண்டும். முழுதும் திறந்த பிறகு அரை நிமிடம் பொறுத்து, மூடி திறந்த நிலையிலேயே ஒரு பர்னரை மட்டும் பற்றவையுங்கள். ஐந்து விநாடியில் பற்றவில்லை என்றால் குமிழை மூடி ஐந்து நிமிடம் காத்திருங்கள். மூடியைச் சாத்தி வைத்துப் பற்றவைப்பதுதான் முகமும் புருவமும் கருகுவதற்குக் காரணம்.

நட்டைத் திரும்பப் பூட்டியதும், பற்றவைக்கும் முன், சவர்க்காரத் தண்ணீர்ப் பரிசோதனையையும் விடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் சரிபாதி கலந்து நட்டிலும் குழாய் முழுவதிலும் தடவி, குமிழ்கள் மூடியபடியே வால்வைத் திறந்து பாருங்கள். நுரை பொங்கினால் கசிவு. உடனே வால்வை மூடிவிட்டு அந்தப் பார்பிக்யூவைத் தொடாதீர்கள். வால்வை மூடியும் மணம் நிற்கவில்லை என்றால் எல்லோரும் தள்ளிப் போய் 911ஐ அழையுங்கள்.

அஜாக்ஸ்காரன், 7.41
இதைச் செய்து பார்க்கட்டும், ஆனால் சிலந்தியை மறக்க வேண்டாம். அண்ணை, எனக்கு ஒரு சந்தேகம். நான் அணைக்கும்போது முதலில் சிலிண்டரை மூடுவேன், குழாயில் உள்ள கேஸ் எரிந்து தீர்ந்த பிறகு குமிழை மூடுவேன். பிழையா?

கந்தர்மடத்தான், 7.47
பிழை. முதலில் குமிழ்கள், பிறகு சிலிண்டர். அப்படிச் செய்தால் குழாயில் அழுத்தம் நிற்கும், அடுத்த முறை திறக்கும்போது கேஸ் பாயாது, தடுப்பும் விழாது. வரிசையை மாற்றினால் குழாய் காலியாகும். கூடவே குமிழை மூட மறந்துவிடுவீர்கள், தீதான் தானாகவே அணைந்துவிடுகிறதே. செவ்வந்திக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

அஜாக்ஸ்காரன், 7.55
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழாயில் கேஸை நிறுத்தி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் டெக்கின் கீழே எலி உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ரப்பர் குழாயைக் கடித்து வைத்திருந்தது. அன்று குழாய் காலியாக இருந்தபடியால் கசிய ஒன்றும் இருக்கவில்லை. ஊரிலும் அம்மா இரவில் சிலிண்டரைத்தான் முதலில் மூடுவார்.

கந்தர்மடத்தான், 8.02
ஊர் அடுப்பையும் இங்குள்ள பார்பிக்யூவையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. இணைப்பும் வேறு, ரெகுலேட்டரும் வேறு. குழாயில் நிற்கும் கேஸ் ஒரு கை அளவுகூட வராது. எலி கடித்த குழாய்க்கு மருந்து குழாயை மாற்றுவதுதான்.

பழைய_மெக்கானிக், 8.10
இரண்டு பேரும் பொறுங்கள். தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே இரண்டு வரிசையும் உண்டு. உங்கள் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். எந்த வரிசையானாலும் கடைசியில் இரண்டும் மூடியிருக்க வேண்டும், அடுத்த முறை சிலிண்டரைத் திறக்கும்போது குமிழ்கள் மூடியிருக்க வேண்டும். தம்பி, எலி இருந்தால் மாதம் ஒருமுறை குழாயை விரலால் தடவிப் பார்.

வெள்ளவத்தை, 8.21
இந்த இழையை வாசிக்கவே நெஞ்சு படபடக்கிறது. 2021 கடைசியில் இங்கே இலங்கையில் எத்தனை வீடுகளில் கேஸ் அடுப்பு வெடித்தது. சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதத்தை மாற்றியதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு சிலிண்டரையும் சவர்க்காரத் தண்ணீரில் பார்க்காமல் அடுப்பு மூட்டுவதில்லை. அங்கேயும் அதே கலவையா?

பழைய_மெக்கானிக், 8.29
இல்லை அக்கா. இங்கே பார்பிக்யூ சிலிண்டரில் இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் புரொப்பேன்தான். பியூட்டேன் பூச்சிய டிகிரிக்குக் கீழே ஆவியாக மறுக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். இந்தக் குளிருக்கு அதுதான் சரிவரும். உங்கள் பழக்கம் நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள்.

விறகடுப்பு, 8.36
இவ்வளவு பாடு எதற்கு? கரியில் சுட்டால் வால்வும் இல்லை, தடுப்பும் இல்லை. கோழியின் கொழுப்பு கரியில் விழுந்து எழும் புகையின் மணம் கேஸில் எந்தக் காலத்திலும் வராது.

மார்க்கம்_அக்கா, 8.44
மணம் உண்மைதான். ஆனால் 25 பேருக்குச் சமைக்கும் பெண்ணுக்கு நாளைக் காலையில் கரி மூட்டி ஊதிக்கொண்டிருக்க நேரமில்லை.

செவ்வந்தி, சூடு வந்துவிட்டால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு பர்னரை எரியவிட்டு ஒன்றை அணைத்து வையுங்கள். கோழியை நெருப்புக்கு மேலே வைத்துத் தோல் நிறம் மாறியதும் அணைந்த பக்கத்துக்கு நகர்த்தி மூடிவிடுங்கள். எலும்புள்ள துண்டுகள் அங்கேதான் நிதானமாக வேகும். தயிரிலும் எண்ணெயிலும் ஊறியதைச் சொட்டச் சொட்டப் போடாதீர்கள், வழித்துவிட்டுப் போடுங்கள். கொழுப்பில் தீ எழுந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. துண்டுகளை நகர்த்தி, குமிழை அணையுங்கள். வெந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம், குத்திப் பார்க்கும் வெப்பமானி 74 செல்சியஸ் காட்ட வேண்டும். ஊறவைத்த மசாலாத் தண்ணீரை வெந்த கோழியில் பூசாதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்த்தால் சுடும் தட்டை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், உதிர்ந்த கம்பி ஒன்று பிள்ளையின் தொண்டைக்குள் போனால் அறுவைச் சிகிச்சைவரை கொண்டுபோய்விடும். நான் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித்தான் சூடான தட்டில் தேய்க்கிறேன்.

டான்வேலி_மாடி, 8.58
இழையோடு சேராத கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் 11ஆம் மாடி. பால்கனியில் கேஸ் பார்பிக்யூ வைக்கலாமா?

கந்தர்மடத்தான், 9.04
தனி இழை திறந்திருக்க வேண்டும். பதில்: முதலில் கட்டட நிர்வாகத்தின் விதிகளைப் பாருங்கள், பல கட்டடங்களில் தடை. அனுமதி இருந்தால் பால்கனி திறந்ததாக இருக்க வேண்டும், சிலிண்டர் கதவிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். சிலிண்டரைச் சரக்கு லிஃப்டில் கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் மற்ற லிஃப்டில் நீங்கள் மட்டும் தனியாகப் போக வேண்டும்.

அஜாக்ஸ்காரன், 9.40
செவ்வந்தி, என்ன ஆயிற்று? சிலந்தி இருந்ததா?

அஜாக்ஸ்காரன், சனி காலை 8.15
யாருக்காவது தெரியுமா? இன்றுதானே விருந்து.

செவ்வந்தி, சனி காலை 11.26
500 ஏறிவிட்டது! மெக்கானிக் அண்ணை சொன்னபடி கழற்றி மாட்டினேன், வேறொன்றும் செய்யவில்லை. போன வாரம் சிலிண்டர் மாற்றும்போது இவர் குமிழ்களைப் பார்க்கவில்லையாம். மழையும் இல்லை. முதல் தட்டு போட்டாகிவிட்டது. எல்லோருக்கும் கோடி நன்றி, பிறகு எழுதுகிறேன்.

பழைய_மெக்கானிக், 11.31
மகிழ்ச்சி. மகளுக்கு என் வாழ்த்துகள். சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தீர்களா?

மார்க்கம்_அக்கா, 11.50
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். பார்த்தீர்களா தங்கச்சி?

பழைய_மெக்கானிக், ஞாயிறு இரவு 9.02
செவ்வந்தி, விருந்து நல்லபடியாக முடிந்திருக்கும். அடுத்த முறை பற்றவைக்கும் முன்பாவது அந்தச் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள் அம்மா. ஐந்து நிமிட வேலைதான்.