மூன்று தலைமுறையோடு பயணம்: மலை முதலிலா, தீவு முதலிலா?

மூத்தமகள்:
வீட்டில் பேசித் தீரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். அப்பா, அம்மா, எங்கள் குடும்பம், தம்பி குடும்பம் எல்லோரும் ஒரே விடுமுறையில் பாதி நாள் மலையிலும் பாதி நாள் தீவிலும் தங்கப் போகிறோம். மலையில் பார்த்து வைத்திருக்கும் விடுதி ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தீவுக்குப் படகு மட்டும்தான். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. தம்பி மகள் ஐந்து மாதக் கைக்குழந்தை. தம்பிக்கோ ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவதில் பைத்தியம். நான் மலை முதலில் என்கிறேன், அவன் தீவு முதலில் என்கிறான்.

ஏறுமுகம்:
மலைதான் முதலில். தம்பி ஸ்கூபா போவார் என்று சொன்னவுடனே விவாதம் முடிந்துவிட்டது. ஆழத்தில் இருக்கும்போது அங்குள்ள அழுத்தத்தால் நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழ்களாகப் பிரிந்துவிடும். மூட்டுவலியோடு போனால் பரவாயில்லை, முதுகுத்தண்டைத் தாக்கினால் கை கால் விளங்காமல் போகும். விமானம் ஏறும் முன் ஒருமுறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் அதிகம் போனால் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். நீங்கள் அதற்கும் மேலே போகிறீர்கள்!

அலைவரிசை:
ஒருவருடைய ஸ்கூபாவுக்காக மொத்தக் குடும்பமும் வரிசையை மாற்ற வேண்டுமா? கடைசி நாள் சிலிண்டரைத் தொடாதே என்று தம்பியிடம் சொன்னால் தீர்ந்தது. மற்றவர்கள் ஸ்நார்கெல் என்ற மூச்சுவிடும் குழாயை மாட்டிக்கொண்டு மேலாக நீந்துவார்கள், அதில் இந்தத் தொல்லை கிடையாது.

எனக்குப் பயம் படகைப் பற்றித்தான். காற்று கூடிவிட்டால் படகை விடமாட்டார்கள், எப்போது விடுவார்கள் என்று கேட்டாலும் பதில் வராது. தீவைக் கடைசியில் வைத்து அங்கே மாட்டிக்கொண்டால் ஊர் திரும்பும் விமானம் போய்விடும். தனி ஆள் என்றால் நாற்காலியில் சாய்ந்து தூங்கி அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம். கைக்குழந்தை, அளந்து எடுத்து வந்த அப்பாவின் மாத்திரை, மறுநாள் பள்ளி திறக்கும் பிள்ளைகள் என்று கூட்டமாக மாட்டிக்கொண்டால்? எல்லோருக்கும் ஒரே விமானத்தில் இடம் கிடைக்குமா? தீவு முதலில் இருந்தால் மலையில் ஒரு நாள் குறையும், அவ்வளவுதான்.

ஏறுமுகம்:
தீவிலிருந்து ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிக் கடைசி இரவை நிலத்தில் கழிக்கட்டும். அப்புறம் எந்தக் காற்று அடித்தால் என்ன?

அலைவரிசை:
அதாவது மூன்றாவதாக இன்னொரு விடுதி, இன்னொரு முறை பெட்டி கட்டுவது. அந்தப் பெட்டிகளை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா நண்பரே? காற்று மூன்று நாள் நின்று அடித்தால் உங்கள் ஒரு நாள் போதாது என்பது வேறு.

மருந்துப்பெட்டி:
நான் செவிலியர். இரண்டு பேரும் வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், எனக்கு உறுத்துவது அந்த 2,700. உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் படுத்து உறங்கும்போதுதான் தொடங்கும். போய்ச் சேர்ந்தவுடன் தெரியாது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அதாவது நள்ளிரவில் தெரியும். வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். வயதுக்கும் இதற்கும் அவ்வளவு தொடர்பில்லை. தினமும் உடற்பயிற்சி செய்யும் தம்பி சுருண்டு படுத்திருக்க, அப்பா சாதாரணமாக உலாவிக்கொண்டிருக்கலாம். ஆனால் கைக்குழந்தை தலை வலிக்கிறது என்று சொல்லாது. சிணுங்கும், பால் குடிக்காது, தூங்காது. பயணக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடுவோம்.

விடுதியை 1,500 மீட்டர் பக்கம் மாற்றுங்கள். மேலே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பகலில் போய்ச் சில மணி நேரத்தில் இறங்கி வரட்டும். முடியாது, 2,700தான் என்றால் வழியில் ஓர் இரவாவது தங்கி ஏறுங்கள். தீவில் எத்தனை நாள் இருந்துவிட்டு வந்தாலும் உடம்பு மலைக்குப் பழகாது.

அப்பாவுக்கு இன்சுலின் உண்டா? மலையில் உறைந்தாலும் கெடும், கடற்கரையில் வெயிலில் கிடந்தாலும் கெடும். கைப்பையில் வையுங்கள், விமானத்தில் சரக்கோடு போடாதீர்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தீவின் வெக்கையில் நீர் வற்றித் தலைசுற்றும். கிளம்பும் முன் அவருடைய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஏறுமுகம்:
1,500 என்றால் அது மலையே இல்லை, மேடு.

மருந்துப்பெட்டி:
கடல்மட்டத்தைவிட ஒன்பது பத்து டிகிரி குளிராக இருக்கும் மேடு. ஐந்து மாதக் குழந்தைக்கு அது போதும்.

ஓரத்துஇருக்கை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஏன் இரண்டும்? ஸ்வெட்டரும் நீச்சல் உடையும் ஒரே பெட்டியில், ஒரே வாரத்தில் கொண்டை ஊசி வளைவும் கடல் அலையும். பயணத்தில் குமட்டுவது இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம். கைக்குழந்தை தப்பிவிடும், பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் வாந்தி.

இன்னொன்று, யாரும் கேட்காதது. தம்பி கடலுக்குள் இருக்கும்போது குழந்தை யாரிடம்? மற்றவர்கள் மேலே ஏறிப் போகும்போது குழந்தை யாரிடம்? எனக்குத் தெரிந்த பல வீடுகளில் தாத்தா பாட்டியை விடுமுறைக்கு அழைத்துப் போவது என்றால் இதுதான். அறையில் உட்கார்ந்து தொட்டில் ஆட்டிவிட்டு வருவார்கள், புகைப்படத்தில் மட்டும் மலை இருக்கும்.

அலைவரிசை:
இது அநியாயம். பேரப்பிள்ளையோடு இருப்பதுதான் அவர்களுக்குப் பயணமே. எத்தனையோ பெரியவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஓரத்துஇருக்கை:
கேட்டால் சரி. யாராவது அவர்களைக் கேட்டார்களா? மூத்தமகள் எழுதியதில் அக்கா மலை என்கிறார், தம்பி தீவு என்கிறான். அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை.

மூத்தமகள்:
சுருக்கென்று தைத்தது, உடனே போய்க் கேட்டேன். அம்மாவுக்குக் கடல் வேண்டும், மலை வேண்டாம், முழங்கால் வலி. அப்பாவுக்கு மலை வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் இருவருக்கும் வருத்தமில்லை, ஆனால் ஒரு நாளாவது தங்களைத் தனியே விட வேண்டும் என்கிறார்கள். அதனால் இரண்டு இடமும் இருக்கும், விடுதி கீழே வரும். வரிசையில்தான் இன்னும் இழுபறி.

மருந்துப்பெட்டி:
அம்மாவுக்கு முழங்கால் என்றால் படிக்கட்டில்லாத அறையா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். படகில் ஏற இறங்கப் பலகையா ஏணியா என்பதையும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலிலேயே வையுங்கள். மலையில் குளிராக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், மேலே போகப் போகப் புற ஊதாக் கதிர் கூடும்.

அலைவரிசை:
விடுதி கீழே வந்துவிட்டதே, ஏறுமுகம் சொன்ன பயமும் பாதி குறைந்துவிட்டது. தீவு முதலில், ஸ்கூபா தொடக்க நாட்களில், கடைசி நாள் மணலில் வீடு கட்டட்டும்.

ஏறுமுகம்:
1,500 மீட்டருக்கும் அந்தக் கணக்கு உண்டு. 18 மணி நேரம் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம், முழு நாள் விடுங்கள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. சரி, போகிற அன்றைக்கே படகை நிறுத்திவிட்டால்?

அலைவரிசை:
அப்போது நீங்கள் சொன்ன வரிசைதான், மலை முதலில்.

ஏறுமுகம்:
மலை விடுதியில் அன்றைக்கு அறை இருக்க வேண்டுமே. மூத்தமகள், முன்பதிவு செய்யும் முன் தேதியை மாற்ற விடுவார்களா என்று இரண்டு இடத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.